60 நாள் ஸ்லாப், 68 நாள் ரீடிங்: மின்சார ஒழுங்குமுறை ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்னையில் எட்டு வீடுகள் இருக்கிற ஒரு பழைய அடுக்குமாடியில் நான் சங்கப் பொருளாளர். பெரிய பதவி ஒன்றுமில்லை, மோட்டார் ரிப்பேர், தண்ணீர் லாரிக் காசு, கழிவுநீர் அடைப்பு, அப்புறம் எட்டு வீட்டுக் கரண்ட் பில் பஞ்சாயத்து, இதெல்லாம் நம் தலையில் வந்து விடியும். அதனால் ஒரே போர்டில் இருக்கிற எட்டு மீட்டரையும், எட்டு வெள்ளைக் கார்டையும் பல வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். ரீடிங் எத்தனை நாள் கழித்து எடுக்கிறார்களோ அத்தனை நாளுக்குத் தகுந்த மாதிரி ஸ்லாப்பையும் (எத்தனை யூனிட் வரை என்ன விலை என்கிற படிகள்) நீட்டிக் கணக்குப் போட வேண்டும் என்று உங்கள் கட்டண உத்தரவில் ஒரு வரி சேருங்கள். விலையைக் குறையுங்கள் என்று கேட்கவில்லை (கேட்டால் மட்டும் நடந்துவிடுமா என்ன). அந்த ஒரு வரிதான் வேண்டும்.

உங்களுக்குத் தெரியாதது இல்லை, இருந்தாலும் இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நம் ஊரில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு கணக்கு. முதல் 100 யூனிட் 2016 மே மாத அறிவிப்பிலிருந்து இலவசம். மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101-லிருந்து 200 வரை பாதி விலை, பிறகு 400 வரை ஒரு விலை, 500 வரை இன்னொரு விலை. 500-ஐ ஒரே ஒரு யூனிட் தாண்டினாலும் அந்தப் பாதி விலைச் சலுகை மொத்தமாகப் போய்விடும். கணக்கு சுலபமாக இருக்கட்டும் என்று 2022 செப்டம்பர் விலையிலேயே சொல்கிறேன், 2024 ஜூலையில் இன்னும் கொஞ்சம் ஏறியது. அந்த விலைப்படி 500 யூனிட்டுக்கு 1725 ரூபாய், 501 யூனிட்டுக்கு 1958 ரூபாய். அதாவது அந்த ஒரு யூனிட்டுக்கு மட்டும் 233 ரூபாய். கரண்ட்டில் இவ்வளவு விலை உயர்ந்த யூனிட் வேறு எங்கும் கிடையாது என்று நினைக்கிறேன்.

இது தெரிந்துதான் மே மாதம் வந்தால் எங்கள் குடியிருப்பில் ஆளாளுக்கு மீட்டர் பார்க்க ஆரம்பித்துவிடுகிறார்கள். போர்டு மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது, இரண்டு ஸ்கூட்டரை நகர்த்தினால்தான் பக்கத்தில் போக முடியும். மீட்டர் திரையில் தேதி வரும், நேரம் வரும், வோல்டேஜ் வரும், இன்னும் என்னென்னவோ எண்கள் வந்து போகும், நமக்கு வேண்டிய யூனிட் கணக்கு வருவதற்குள் மொபைல் டார்ச்சைப் பிடித்திருக்கிற கை வலித்துவிடும். இரண்டாம் மாடி அக்கா ஒரு நோட்டே போட்டு வைத்திருக்கிறார்கள். 460 ஆனதும் ஏ.சி.யை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளை ஹாலில் ஃபேனுக்கு அடியில் படுக்க வைத்துவிடுவார்கள். அக்னி நட்சத்திரத்தில் இப்படி ஒருவர் கட்டுப்பாடாக இருந்து 60-ஆம் நாள் 490-ல் நிறுத்தி வைத்தால், ரீடிங் எடுக்கிறவர் அன்றைக்கு வர மாட்டார். அடுத்த நாளும் வர மாட்டார். ஒரு வாரம் தள்ளி வந்து மொபைலை நீட்டினால் 540 என்று காட்டும். ஏ.சி. போடாவிட்டாலும் ஃபிரிட்ஜ் ஓடாதா, ஃபேன் ஓடாதா, மோட்டார் போட வேண்டாமா.

சரி, இதில் எவ்வளவு நஷ்டம்? நாளுக்கு 8 யூனிட் ஓடுகிற ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரி ஒரு ஏ.சி., ஒரு ஃபிரிட்ஜ், கிரைண்டர், வாஷிங் மெஷின், சென்னையில் சாதாரணமான நடுத்தரக் குடும்பம். சரியாக 60 நாளில் ரீடிங் எடுத்தால் 480 யூனிட், 1605 ரூபாய். அதையே 68-ஆம் நாள் எடுத்தால் 544 யூனிட், 2302 ரூபாய். எட்டு நாள் தாமதத்தில் கூடிய 64 யூனிட்டுக்கு 697 ரூபாய், யூனிட் 10 ரூபாய் 89 காசு. இதே விலைப்பட்டியலில் 800-க்கு மேல் 1000 வரை ஓட்டுகிறவருக்கே அந்த யூனிட்டின் விலை 10 ரூபாய்தான். இரண்டு ஏ.சி. ஓட்டுகிற வீட்டுக்காரர் கொடுப்பதைவிட அதிக விலையை, ஒரு ஏ.சி.யை நிறுத்தி நிறுத்திப் போடுகிற வீடு கொடுக்கிறது. காரணம் அந்த வீட்டில் யாரும் எதையும் கூடுதலாக ஓட்டியதல்ல. காலண்டரில் எட்டு நாள் தள்ளிப்போனது, அதுதான்.

இதைக் கொண்டுபோய்ச் சொன்னால் கவுன்ட்டரில் ஒரு பதில் தயாராக இருக்கும். "அடுத்த தடவை நாள் குறையும் மேடம், அதுல சரியாயிடும்." பாதிதான் உண்மை. அடுத்த தடவை 52 நாளில் எடுக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். 416 யூனிட், 1221 ரூபாய். இரண்டையும் கூட்டினால் 3523. நேரத்துக்கு இரண்டு முறையும் எடுத்திருந்தால் 3210. ஆக 313 ரூபாய் எங்கேயும் சரியாகவில்லை, போனது போனதுதான். இதுவும் அடுத்த தடவை நிஜமாகவே 52 நாளில் வந்தால்தான். அங்கேயும் 60 நாள் ஆக்கிவிட்டால் போன முறை இழந்ததில் ஒரு பைசாகூடத் திரும்பாது.

இப்போது நான் கேட்கிற முறையில் அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். 68 நாள் என்றால் 500 என்கிற எல்லை 566 ஆகும், 100 என்பது 113 ஆகும், மற்றப் படிகளும் அதே விகிதத்தில் நகரும். பில் 1819 ரூபாய். அடுத்த 52 நாளுக்கு எல்லை 433 ஆகச் சுருங்கும், பில் 1391. கூட்டினால் 3210. எந்தத் தேதிக்கு ரீடிங் எடுத்தாலும் மொத்தம் மாறாது. நாள் குறைந்தால் இலவச யூனிட்டும் குறையுமே என்று யாராவது கேட்பார்கள், அதற்கும் எங்களுக்குச் சம்மதம்தான். இலவசமும் மானியமும் அரசு கொடுப்பது, மின்சாரச் சட்டத்தின் 65-வது பிரிவுப்படி அதற்கான பணத்தை அரசுதான் தர வேண்டும், அதை நாள் கணக்கில் தருவார்களா என்று நீங்களே கேட்டு வாங்கிவிடலாம். எங்களை அனுப்பினால் கோட்டை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

மென்பொருளில் முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2020 ஊரடங்கு ஞாபகம் இருக்கிறதா? வீடு வீடாக வர முடியாமல் போய், முந்தைய கணக்கின் தொகையையே கட்டச் சொன்னார்கள். பிறகு நான்கு மாதத்துக்கும் சேர்த்து ரீடிங் எடுத்து, மொத்த யூனிட்டை இரண்டாக வகுத்து, ஒவ்வொரு பாதிக்கும் தனியாக ஸ்லாப் போட்டு, ஏற்கெனவே கட்டிய பணத்தைக் கழித்தார்கள். யூனிட்டைக் கழிக்காமல் பணத்தைக் கழித்தது ஏன் என்று அப்போது ஊரே சண்டை போட்டது, உயர் நீதிமன்றம் வரை போய் அந்த ஜூலையில் வழக்கு தள்ளுபடியானது. அந்தச் சண்டை ஒரு பக்கம் இருக்கட்டும். ரீடிங் தள்ளிப்போனால் அந்தக் காலத்துக்குத் தகுந்தபடி ஸ்லாப்பைப் பிரிக்க வேண்டும் என்கிற நியாயம் அன்றைக்கே ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டது, கம்ப்யூட்டரும் அதைச் செய்துகாட்டிவிட்டது. நான்கு மாதத்துக்குச் செய்ததை எட்டு நாளுக்குச் செய்ய என்ன தடை? டெல்லியில் பில்லில் எத்தனை நாள் என்று போட்டு அதற்கேற்ப ஸ்லாப்பை நீட்டிச் சுருக்கித்தான் கணக்கிடுகிறார்கள். புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், எனக்கு உண்மையிலேயே எரிச்சல் வருவது இங்கேதான். நாங்கள் தாமதமானால் என்ன நடக்கும்? ரீடிங் எடுத்த நாளிலிருந்து 20 நாள், அதற்குள் கட்டியாக வேண்டும். தவறினால் தாமதக் கட்டணம், அதற்கும் மேல் போனால் ஃபியூஸைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள், திரும்ப மாட்ட மறு இணைப்புக் கட்டணம். நியாயம்தான், காசு கட்டாமல் கரண்ட் கேட்கவில்லை. ஆனால் அவர்கள் தாமதமானாலும் காசு கொடுப்பது நாங்கள்தானே. ஆட்டோக்காரர் அரை மணி நேரம் லேட்டாக வந்துவிட்டு நம்மிடமே வெயிட்டிங் சார்ஜ் கேட்கிற மாதிரி இருக்கிறது.

ரீடிங் எடுக்கிறவர்களைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. எங்கள் பக்கம் வருகிறவர் பாவம், வெயிலில் ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போகிறார். ஒரு வீட்டில் நாய், ஒரு வீட்டில் பூட்டு, ஒரு வீட்டில் மீட்டருக்கு முன்னால் கட்டில், பீரோ. பக்கத்து ஏரியாவில் ஆள் இல்லையென்றால் அதையும் இவரே பார்க்க வேண்டும். காலிப் பணியிடங்களை நிரப்பாமல் விட்டுவிட்டு ஒரே ஆளை இரண்டு ஆள் வேலை செய்யச் சொன்னால் தேதி தள்ளத்தான் செய்யும். தள்ளட்டும், அதற்கான செலவை எங்கள் தலையில் போடாதீர்கள் என்பதுதான் என் பேச்சு.

சந்தேகம் இருந்தால் புகார் கொடுக்கலாமே என்பீர்கள். வழிகள் இருக்கின்றன, மறுக்கவில்லை. மின்னகம் என்கிற மின்சாரப் புகார் மையம் இருக்கிறது, 94987 94987-க்கு எந்நேரமும் கூப்பிடலாம், கரண்ட் போனால் நன்றாகவே வேலை செய்கிற எண் அது. பில் தகராறு என்றால் பிரிவு அலுவலகத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அங்கே தீராவிட்டால் மின்பகிர்மான வட்ட அளவில் நுகர்வோர் குறைதீர்ப்பு மன்றம், அதற்குத் தலைவர் அதே வட்டத்தின் மேற்பார்வைப் பொறியாளர், அதாவது யார் மேல் புகாரோ அவர்களுடைய மேலதிகாரியிடமே நியாயம் கேட்க வேண்டும். அதிலும் திருப்தி இல்லையென்றால் 30 நாளுக்குள் மின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு, அவர் உங்கள் ஆணையத்தின் கீழ்தான் வருகிறார். பெரிய தொகை என்றால் இந்தப் பாதை சரி. மீட்டர் பழுதாகி திடீரென்று முப்பதாயிரம் ரூபாய் பில் வந்தவர் கட்டாயம் போக வேண்டும், போய் ஜெயித்தவர்களும் இருக்கிறார்கள். 313 ரூபாய்க்கு யார் போவார்கள்? ஒரு நாள் லீவ் போட்டால் சம்பளத்தில் அதைவிட அதிகம் பிடிப்பார்கள். சின்னத் தொகையாகப் பிரிந்து லட்சக்கணக்கான வீடுகளில் விழுவதால்தான் இந்தக் குறை எந்த மன்றத்துக்கும் வராமலேயே இருக்கிறது. புகார் வரவில்லை என்பதால் குறை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

மத்திய அரசு 2020 டிசம்பரில் மின் நுகர்வோர் உரிமை விதிகள் என்று ஒன்று கொண்டுவந்தது. அதைப் படித்துப் பார்த்தால் நம் ஊருக்கா இது என்று சந்தேகமே வருகிறது. ஒரு நிதியாண்டில் இரண்டு முறைக்கு மேல் உத்தேசமாக பில் போடக் கூடாது, அதையும் மீறி உத்தேசக் கணக்கு தொடர்ந்தால் நிஜ ரீடிங் எடுத்து பில் தரும்வரை நுகர்வோர் பணம் கட்ட மறுக்கலாம். பில் 60 நாளோ அதற்கு மேலோ தாமதமாக வந்தால் 2-லிருந்து 5 சதவீதம் வரை தள்ளுபடி. 2024-ல் செய்த திருத்தத்தில், மீட்டர் தப்பாக ஓடுகிறது என்று புகார் கொடுத்தால் ஐந்து நாளுக்குள் பக்கத்தில் இன்னொரு மீட்டர் வைத்து, குறைந்தது மூன்று மாதம் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்றும் இருக்கிறது. எங்கள் எட்டு வீட்டில் ஒருவருக்கும் இதில் ஒரு வரிகூடத் தெரியவில்லை. கீழ் வீடு பூட்டியே கிடக்கிறது, பையனோடு இருக்க பாட்டி பெங்களூர் போய்விட்டார், பூட்டிய வீடு என்று பழைய கணக்கையே போட்டுத் தொடர்ந்து குறுஞ்செய்தி வந்துகொண்டிருந்தது, அவரும் அங்கிருந்தே ஜிபேயில் கட்டிக்கொண்டிருந்தார். மீட்டரோ வீட்டுக்கு வெளியே, படிக்குக் கீழே, யார் வேண்டுமானாலும் பார்க்கிற இடத்தில்தான் இருக்கிறது. கடைசியில் நானே மீட்டரைப் படம் பிடித்துக் கடிதத்தோடு கொடுத்த பிறகுதான் சரியானது. அந்த விதிகளிலும் எட்டு நாள், பத்து நாள் தாமதத்துக்கு ஒன்றுமில்லை. 60 நாள் தாமதமாக வேண்டுமாம். அதனால்தான் உங்களிடம் வருகிறேன், ஸ்லாப் உங்கள் உத்தரவில் இருக்கிற விஷயம்.

மாதா மாதம் ரீடிங் எடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. 2021 தேர்தலில் அது வாக்குறுதியாகவும் வந்தது, ஸ்மார்ட் மீட்டர் வந்தால் செய்வோம் என்று பிறகு பதில் வந்தது. தி.நகரில் ஒரு லட்சத்துக்கும் மேல் ஸ்மார்ட் மீட்டர் வைத்தார்கள், மற்ற இடங்களுக்கான பெரிய டெண்டர் ஒன்று 2024 டிசம்பரில் ரத்தானது. மாதக் கணக்கு வந்தால் நல்லதுதான், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆள் வந்துதான் எடுக்க வேண்டும் என்கிற வரைக்கும் 30 நாள் 35 நாளாகும், 250-ல் நிற்க வேண்டியது 290-க்குப் போகும், அதே கதை சின்ன அளவில் வருஷத்துக்கு ஆறு தடவைக்குப் பதில் பன்னிரண்டு தடவை நடக்கும். நாள் கணக்கு ஸ்லாப்புக்குப் புது மீட்டர் வேண்டாம், டெண்டர் வேண்டாம். போன ரீடிங் தேதியும் இந்த ரீடிங் தேதியும் ஏற்கெனவே கணினியில் இருக்கின்றன, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் போதும்.

கூடவே இரண்டு சின்ன விஷயம். குறுஞ்செய்தியில் தொகையும் கடைசித் தேதியும் மட்டும் வருகிறது, எத்தனை நாளுக்கான பில் என்பதையும் அதில் போடச் சொல்லுங்கள். 68 என்கிற எண்ணைக் கண்ணால் பார்த்தால்தான் ஜனங்களுக்கு உறைக்கும். அப்புறம் அந்தப் போலிக் குறுஞ்செய்திகள், "இன்றிரவு 9.30-க்கு மின் இணைப்பு துண்டிக்கப்படும், உடனே இந்த எண்ணுக்கு அழைக்கவும்" என்று வருமே, அதில் எங்கள் முதல் மாடி சார் பணத்தை இழந்தார். படித்தவர், பேங்கில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். நிஜமான செய்தியில் நாள் எண்ணிக்கை, பழைய ரீடிங், புது ரீடிங் என்று அந்த வீட்டுக்காரருக்கு மட்டும் தெரிந்த விவரங்கள் இருந்தால் போலியைக் கண்டுபிடிப்பது கொஞ்சம் சுலபமாகும்.

2022 ஆகஸ்டில் கட்டண உயர்வுக்கு முன்னால் கலைவாணர் அரங்கத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்ததே, அது மாதிரி அடுத்த கட்டண மனு உங்களிடம் வரும்போது மின்பகிர்மானக் கழகத்திடம் ஒரு கணக்கு மட்டும் கேட்டு வாங்குங்கள்: போன வருஷம் 60 நாளுக்கு மேல் எடுத்த ரீடிங் எத்தனை, அதில் அந்தக் கூடுதல் நாட்களால் மட்டும் 500-ஐத் தாண்டியவை எத்தனை, அதனால் கூடுதலாக வசூலான தொகை எவ்வளவு. எல்லாம் சர்வரில் இருக்கிறது. அந்த எண்ணைக் கூட்டத்துக்கு முன்னாலேயே வெளியிட்டுவிட்டால் நாங்களும் வந்து அதை வைத்துப் பேசுவோம்.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து ஒரு குடியிருப்புச் சங்கப் பொருளாளர்

பின்குறிப்பு, இது ஆணையத்துக்கு இல்லை, பில் தகராறில் இருக்கிற நம் ஆட்களுக்கு: தொகை தப்பு என்று தோன்றினால் கட்டாமல் விட்டுவிட்டுச் சண்டை போடாதீர்கள், ஃபியூஸ் போய்விடும். மின்சாரச் சட்டம் 56-வது பிரிவுப்படி 15 முழு நாள் எழுத்து நோட்டீஸ் கொடுக்காமல் துண்டிக்கக் கூடாது. அவர்கள் கேட்கிற தொகை, அல்லது கடந்த ஆறு மாத சராசரிப்படி வருகிற தொகை, இரண்டில் எது குறைவோ அதை ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன் என்று எழுதிக் கொடுத்துக் கட்டிவிட்டால், தகராறு தீரும்வரை துண்டிக்க முடியாது. கடிதத்தின் நகலில் தேதியோடு சீல் வாங்கிக்கொள்ளுங்கள். 60-ஆம் நாள் அன்றைக்கு மீட்டர் திரையில் தேதி வரும்போது ஒரு படம், யூனிட் வரும்போது ஒரு படம், இரண்டையும் எடுத்து மொபைலில் வைத்திருங்கள்.